சுத்தத் தலை

பொழுது சாயும் நேரத்தில் பனையடித்துறைப் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து நார்த்தங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் ஊரே மசக்கையில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வான். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் நாக்கில் ஊறுவது அவர்களுடைய ஆசை இல்லை. புருசன் குடிக்க வேண்டியது, கொழுந்தன் குடிக்க வேண்டியது, தெருக்கோடியில் இருக்கிற சித்தப்பா மகன் குடிக்க வேண்டியது. அந்தக் குடித் தவனத்தில் ஆளுக்கு ஒரு விள்ளல் எடுத்து மண்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் அது கொஞ்சம் நெளியும். ஊறுகாயை நக்கினால் அடங்கும். அடங்கும் என்றுதான் பகிர்வுக் கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குடியை மறக்கடிக்க அரசாங்கம் என்னென்னவோ செய்து பார்த்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். கட்டிலில் கட்டிப் போட்டார்கள். கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினார்கள். கடையை மட்டும் மூடவில்லை. அதை மூடினால் இதற்கெல்லாம் பணம் ஏது?

பிறகு தலைநகரத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குடிகாரன் மண்டைக்குள் தவனம் ஒரு முடிச்சாக உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுட்டுப் பொசுக்கினால் ஆள் மரக்கட்டை ஆகிவிடுகிறான். பொசுக்க முடியாது. ஆனால் இழுக்கலாம். இழுத்து இன்னொரு மண்டைக்குள் விடலாம். பத்தாகப் பிரித்துப் பத்து மண்டையில் விட்டால் பத்துப் பேரில் யாருக்கும் குடிக்கத் தோன்றாது. நாக்கு லேசாக ஊறும். சில மாதத்தில் அதுவும் கரைந்துபோகும். இந்த வேலையைச் செய்கிற யந்திரத்துக்குப் பகிர்வி என்று பெயர் வைத்தார்கள்.

கரைந்துபோனது எப்படித் தெரியும்? அதற்கு வேட்கைமானி என்று ஒன்று. நெற்றியில் வைத்தால் முள் காட்டும். முள் சைபரில் நின்றால் கரைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த முள்ளுக்கு எவ்வளவு சின்னது வரைக்கும் கண் தெரியும் என்று எவனும் கேட்கவில்லை.

விள்ளல் எடுக்கிறவருக்கு ஒரே ஒரு தகுதி வேண்டும். சுத்தத் தலையாக இருக்க வேண்டும். கடைசி ஒரு வருசத்தில் ஒரு மடக்குகூடக் குடித்திருக்கக் கூடாது. ரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். குடி பட்ட தலைக்குள் விள்ளல் போனால் வைக்கோலில் கங்கு விழுந்த மாதிரி பிடித்துக்கொள்ளுமாம். காசுக்கு ஆள் பிடிக்கவும் கூடாது. சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் தாமாக வந்து எடுக்க வேண்டும். தாமாக என்பதெல்லாம் சும்மா. பாடைக்குத் தோள் கொடுக்க மறுத்தவனை ஊர் எப்படிப் பார்க்குமோ, விள்ளல் எடுக்க மறுத்தவனையும் அப்படித்தான் பார்த்தது.

சுத்தத் தலை ஆம்பிளைகள் பனையடித்துறையில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? பூசாரி தலையில் தொப்பி மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் வரிசையில் உட்காருவது எல்லாம் பெண்கள். ஆனாலும் பத்துப் பேரில் ஒரு ஆம்பிளையாவது உட்கார வேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. சட்டத்தில் அப்படி இல்லை. இவர்களாக ஏற்படுத்திக்கொண்டது. இல்லாவிட்டால், "குடிச்சது அவன், கட்டினது பொம்பளைங்க தலையில" என்று பேச்சு வருமாம். மானத்துக்கு ஒரு ஆம்பிளை. அந்த ஆம்பிளை எல்லா வரிசையிலும் சுயம்புலிங்கமாகவே இருந்தார்.

சுயம்புலிங்கம் ஒண்டிக்கட்டை. மெயின் ரோட்டில் வண்டிகளுக்கு பேட்டரி மாற்றுகிற கடை வைத்திருந்தார். பீடிகூடக் குடித்ததில்லை. கூப்பிட்டால் வருவார். வேண்டாம் என்று அவருக்காகச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லை.

அன்றைக்கு அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி தங்கபுஷ்பம் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் தவசிமுத்து ஐஸ் கம்பெனியில் சுமை ஏற்றுகிறவன். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பகிர்விக் கட்டிலில் கிடந்தான். ஈரல் போய்விட்டது. கெட்ட ஈரலை எடுத்துவிட்டு வளர்ப்பு ஈரல் ஒட்ட ஆஸ்பத்திரி தயாராக இருந்தது. ஆனால் தவனம் இறங்காத ஆளை அவர்கள் சேர்க்கமாட்டார்கள். இன்றைக்கு இறக்கினால் பிழைப்பான். இல்லையென்றால் இல்லை.

வரிசையில் ஒன்பது பெண்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கபுஷ்பமும் அதில் ஒருத்தி. பத்தாவது நாற்காலி காலி.

"எங்கட்டி உங்கண்ணன்?" என்றாள் மாமியார். "ஊருக்கெல்லாம் முந்தி வந்து உக்காருவாவ. தங்கச்சி புருசனுக்குன்னா மட்டும் கால் வலிக்குதோ?"

கூடத்து அதிகாரி ரெஜினா, "பத்துப் பேர் இல்லாம இறக்க முடியாதும்மா. ஒன்பதாப் பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போயிரும். வேற யாராவது இருந்தா உக்கார வைங்க" என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு எஸ்தர் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் வேணா உக்காருதேன். எம் மண்டையில இன்னும் எடம் கெடக்கு."

"நல்லாருக்கு! பத்தும் பொம்பளையா?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டாள். "எம் மவன் என்ன நாதியத்தவனா? கட்டுன பொண்டாட்டிக்கு அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது?"

தங்கபுஷ்பம் எழுந்து கடைக்கு நடந்தாள். எஸ்தரை உட்கார வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சுயம்புலிங்கம் ஒரு வண்டியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். தங்கச்சியைப் பார்த்தும் நிமிரவில்லை.

"ஏண்ணேன், எல்லாரும் காத்துக் கெடக்கோம். இங்க உக்காந்து நட்டு முடுக்குதிய."

"வேற ஆளப் பாரு புஷ்பம்."

"என்னது?"

"வேற ஆளப் பாருங்கேன். அந்த எஸ்தர் இருக்காள்ல. அவள உக்கார வையி."

"அவிய வீட்ல என்ன பேச்சுப் பேசுதாவ தெரியுமா? ஊரான் புருசனுக்கெல்லாம் எடுத்திய. ஜெபமணிக்கு எடுத்திய. அந்தப் பொறுக்கிப்பய ராசாமணிக்குக்கூட எடுத்திய. எனக்குன்னா மட்டும் கசக்கோ? அப்பா இருந்தா இப்படி விட்டுருப்பாவளா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எனக்கு நெறைஞ்சி போச்சுட்டி."

"மானியில சைபர்னுதான காட்டுது?"

"மானிக்கு என்ன தெரியும்? அது எங்கூடவா படுக்குது?" அவர் தெருவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் ஆனா நான் கடைக்குள்ள இருந்துக்கிட்டு ஷட்டர இறக்கி வெளிய பூட்டச் சொல்லுதேன். எதுத்த கடை அந்தோணிட்டதான் சாவி. காலம்பற வந்து தொறந்துவிடுவான். மூணு வருசமா இப்படித்தான். ஊர்ல நெனைக்காவ, சுயம்பு சீக்கிரம் படுத்துருவான்னு."

தங்கபுஷ்பம் ஷட்டரைப் பார்த்தாள். உள்பக்கத்துத் தகரம் நடுவில் குழிந்து குழிந்து இருந்தது. கையால் குத்தினால் அப்படி ஆகும். அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டுதான் அடுத்ததைச் சொன்னாள்.

"ஒரே ஒரு விள்ளல்ண்ணேன்."

அவர் சிரித்தார். "எல்லாவளும் ஒரே ஒரு விள்ளல்னுதாம்ட்டி கேட்டா."

"நான் தாலியறுத்து நிக்கணுமா? சொல்லுங்க. நின்னா உங்களுக்குச் சந்தோசமா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

பகிர்வி ஒன்றும் பெரிதாகச் சத்தம் போடாது. மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். பத்துப் பேரும் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். கட்டிலில் தவசிமுத்துவின் தாடை இளகியது. பல்லைக் கடித்தே பழகிப்போன முகம், கல்யாணத்தன்று இருந்த மாதிரி ஆனது. வரிசையில் பெண்கள் ஒவ்வொருத்தியாக எச்சிலை விழுங்கினார்கள். சுயம்புலிங்கம் மட்டும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை.

ரெஜினா எல்லார் நெற்றியிலும் மானியை வைத்தாள். "சைபர். சைபர். சைபர்... சுயம்பு சார், உங்களுக்கும் சைபர்தான். எப்பவும்போல."

"எப்பவும்போல" என்றார் அவர்.

தவசிமுத்து பிழைத்துக்கொண்டான். வளர்ப்பு ஈரல் ஒட்டியது. வீக்கம் வடிந்தது. ஐஸ் கம்பெனியில் பாரம் தூக்கும் யந்திரத்தை ஓட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து பெண்டாட்டி கையில் வைத்தான். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "ஏட்டி, நீ நல்லாச் சமைப்பியா? இத்தன வருசமா எனக்குத் தெரியவே தெரியாது" என்றான். தங்கபுஷ்பம் அடுப்படியில் போய் நின்று அழுதாள். சந்தோசத்தில்தான். அந்த ஒரு வருசம் அவள் வாழ்ந்த வருசம்.

அந்த ஒரு வருசமும் சுயம்புலிங்கம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒரு சாயங்காலம் அந்தோணி பூட்டிவிட்டுப் போனதும் கூரைத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே இறங்கினார். அரசாங்கக் கடை ஜன்னலில் போய் நின்று, "தம்பி, இதுல எது நல்லாருக்கும்?" என்று கேட்டாராம். கடைக்காரப் பையன் இந்தக் கதையை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கொஞ்ச நாளில் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போனது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், வேட்டி விலகி, ஈ மொய்க்க, பட்டப்பகலில் கிடந்தார். முப்பது பேருடைய விள்ளலுக்கும் சேர்த்து ஒரு உடம்பு குடித்துக்கொண்டிருந்தது.

ரெஜினா மானியை வைத்துப் பார்த்தாள். முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. அவள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"ஒவ்வொரு விள்ளலும் ரெண்டுக்குக் கீழ தனித்தனியாக் கெடந்தா முள் அசையாதாம்மா. குடி பட்டதும் எல்லாம் ஒண்ணாப் பிடிச்சுக்கிட்டு முட்டுது" என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னாள். "அதைச் சைபர்னு போட்டுக்கிட்டாங்க. சோதனை பண்ணினப்ப ஒவ்வொருத்தரும் ஒரு விள்ளல்தான் எடுத்தாங்க. அதனால ஒண்ணும் தெரியல. கரையவே இல்ல. அப்படியே இருந்திருக்கு."

"இப்ப என்ன செய்ய?"

"பிரிக்கலாம். ஆனா ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லார் தலையிலயும் ஏற்கெனவே கெடக்கு. ஒண்ணுமே இல்லாத தலைன்னா, இறக்கி வச்சவங்க தலைதான். குணமானவங்க. அவங்க குடிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே, இப்போ அவங்களும் சுத்தத் தலைதான். ஆளுக்கு ஒரு விள்ளல் திருப்பி எடுத்தா உங்க அண்ணன் பிழைச்சுக்குவார்."

தங்கபுஷ்பம் வீடு வீடாகப் போனாள். ராசாமணி மகள் கல்யாணம் முடியட்டும் என்றான். இன்னொருத்தன் டாக்டர் கூடாது என்றார் என்றான். எந்த டாக்டர் என்று அவனுக்கே தெரியாது. ஒருத்தன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். எல்லார் வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், சுயம்பு அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் உண்டா என்று கண் கலங்கினார்கள்.

எஸ்தர்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாள். "எங்க ஜெபமணி வருவாரு. ஏன் வரமாட்டாரு? உன் புருசன் முதல்ல உக்காரட்டும். அவருக்குப் பக்கத்துல இவர நான் கூட்டியாந்து உக்கார வைக்கேன்."

தங்கபுஷ்பம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் தவசிமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நான் எடுக்கேன்ட்டி" என்றான் நிமிராமல். "மச்சான் எனக்காகத்தான் கடைசில உக்காந்தாவ. ஒரு விள்ளல்தான?"

"பேசாம சாப்பிடுங்க."

"இல்லட்டி, நெசமாத்தான்."

"சாப்பிடுங்கன்னு சொன்னேன்ல?"

அவன் சாப்பிட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் சுகாதாரத் துறையிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். பனையடித்துறையின் கணக்கைப் பார்த்து அவர்களுக்கு ஆச்சரியம். இத்தனை பெரிய ஊரில் குடிநோயாளி ஒரே ஒருத்தர். மாநிலத்தில் வேறு எங்கும் இப்படிக் கிடையாது. இது எப்படி என்று துருவினார்கள். சுயம்புலிங்கத்தைப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களுக்கு ஒரு யோசனை பிடிபட்டது. பிரிக்க முடிந்தால் சேர்க்கவும் முடியும். ஊரில் எல்லார் மண்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடப்பதை எதற்குச் சிதறவிட வேண்டும்? ஒரே இடத்தில் கொட்டினால் ஒரு கட்டில், ஒரு நர்ஸ், ஒரு ஆளுக்கு அளந்து ஊற்றுகிற சாராயம். செலவு நூறில் ஒரு பங்கு. அப்படிச் சுமக்கிறவருக்கு ஊர்த்தாங்கி என்று பெயர் வைத்தார்கள். இவர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

சுயம்புலிங்கத்திடம் சம்மதம் கேட்டார்கள். மேசையில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஒரு அதிகாரி அவர் தோளில் மாலை போட்டார்.

கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை கட்டி அவரை வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து தங்கள் தங்கள் விள்ளலை இறக்கிவிட்டுப் போனார்கள். "ஏற்கெனவே போன உடம்புதான, இன்னும் ஒண்ணு கூடினா என்ன?" என்றாள் ஒருத்தி. சிலர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பம் விள்ளல் இறக்குகிற கடைசி நாளில்தான் போனாள். அவர் மூச்சு நாறியது. கண் மட்டும் அதே அண்ணன் கண்.

"நீயும் வா. உக்காரு" என்றார். "கூச்சப்படாத. எல்லாவளும் வந்துட்டாளுவ."

அவள் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு பனையடித்துறையில் சாயங்காலம் யாருக்கும் நாக்கு ஊறவில்லை. ஊறுகாய் ஜாடிகளில் பூஞ்சை பிடித்தது. ஊருக்கு விருது கொடுத்தார்கள். மந்திரி வந்தார். வெளிமாவட்டங்களிலிருந்து வேனில் ஆட்கள் வந்து ஜன்னல் வழியாகச் சுயம்புலிங்கத்தைப் பார்த்துவிட்டு, குறிப்பு எடுத்துக்கொண்டு, சர்பத் குடித்துவிட்டுப் போனார்கள். பல ஊர்களில் தாங்கி வைத்தார்கள். தங்கபுஷ்பம் தினமும் மத்தியானம் சோறு கொண்டுபோனாள். அவர் நாலு வாய்க்கு மேல் சாப்பிட்டதில்லை.

அவருக்கும் ஈரல் போனது. வளர்ப்பு ஈரல் வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தவனம் இறங்காத ஆள் அல்லவா. சட்டம் சட்டம்தான்.

"போகட்டும், அண்ணன் கஷ்டப்படாமப் போயிறட்டும்" என்றாள் தங்கபுஷ்பம் ரெஜினாவிடம். "அதோட இந்தச் சனியனும் சேர்ந்து போயிரும்ல?"

ரெஜினா கதவைச் சாத்தினாள். "போகாதும்மா. வடக்க ஒரு ஊர்ல தாங்கி திடீர்னு செத்துட்டார். உள்ள இருந்தது அவரோட போகல. வந்த வழியாவே திரும்பிருச்சு. முதல்ல யார் யார்ட்ட இருந்து இழுத்தமோ அவங்கவங்க மண்டைக்கே. இழுக்கும்போது நூல் அறுபடலையாம், நீண்டு மட்டும் இருந்துச்சாம். அன்னைக்குச் சாயங்காலம் அந்த ஊர்ல கடை ஜன்னலைப் பேத்துட்டாங்க. அதனால உங்க அண்ணன் போறதுக்கு முன்னால இன்னொரு தலைக்கு முழுசா மாத்தியாகணும்."

தங்கபுஷ்பம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். திரும்பிவந்தால் தவசிமுத்துவுக்கும் வரும். ஒட்டவைத்த ஈரல் ஒரு மாதம் தாங்காது.

"யார் தலைக்கு?"

"எல்லாருக்கும் திங்கக்கிழமை காலையில அளக்கப் போறோம். புது மானி வந்திருக்கு, பழைய மாதிரி இல்ல. தூசி அளவு இருந்தாலும் காட்டும். எந்தத் தலை ரொம்பச் சுத்தமோ அவரைத்தான் கேப்போம். கட்டாயம் எல்லாம் கிடையாது." ரெஜினா சிரிக்க முயற்சி செய்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு நேத்து கம்பெனியில முன்னோட்டம் பார்த்தோம். தவனம் வேரோட வந்திருக்கும்மா அவருக்கு. அப்படி ஒரு தலை இந்த ஊர்லயே கிடையாது. சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட அவ்வளவு சுத்தம் இல்ல."

அவள் நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

கட்டாயம் கிடையாதாம். தாமாக வருவார்களாம். ஊர்க்காரர்கள் தவசிமுத்துவைக் கூப்பிட எந்த முகத்தோடு வருவார்கள், என்ன வார்த்தை பேசுவார்கள் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அதே முகத்தோடு அதே வார்த்தையை அவளே ஒரு கடை வாசலில் நின்று பேசியிருக்கிறாள். தவசிமுத்துவும் இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை. குணமானதிலிருந்து அவன் ரொம்ப நல்லவனாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அரசாங்கக் கடைக்குப் போனாள். கடை ஈயாடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். சுயம்புலிங்கத்துக்கு அளந்து அனுப்புவது ஒன்றுதான் பல மாதமாக அந்தக் கடையின் வியாபாரம்.

தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது.

பெண்கள்தான் பாதிக்கு மேல். முகத்தை மூடிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், ரேஷனுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். பூசாரி நின்றார். அந்தோணி நின்றான். அவளுக்கு முன்னால் நின்றது எஸ்தர். நடையை வைத்தே தெரிந்தது.

"என்னக்கா, யாருக்கு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்துருக்காவ" என்றாள் எஸ்தர். "உனக்கு?"

"எனக்கும் விருந்தாளிதான்."

"ஊருக்கே விருந்தாளி வந்துருக்காவ போல."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வரிசை நகர்ந்தது. எஸ்தர் திரும்பாமலே மெல்லக் கேட்டாள். "ஏட்டி, இப்படி எல்லாருமே வாங்கிட்டா, நாளைக்கு ஒரு சுத்தத் தலைகூட இருக்காதே. பொறவு உங்கண்ணன் போனா?"

"யாராவது ஒருத்தர் இருப்பாவக்கா. இம்புட்டுப் பெரிய ஊர்ல ஒருத்தர் இல்லாமயா போயிருவாவ?"

"அதான் நானும் நெனைச்சேன்" என்றாள் எஸ்தர்.

தங்கபுஷ்பம் ஒரு குவார்ட்டர் பாட்டில் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். வழியில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு வீட்டுக்குள் யாரோ குமட்டுகிற சத்தம் கேட்டது. வாழ்நாளில் குடித்தறியாத தொண்டை. இன்னொரு வீட்டில், "முழுங்கு, துப்பாத" என்று ஒரு ஆம்பிளைக் குரல் யாரையோ அதட்டியது.

தவசிமுத்து வேலைக்குப் போட்டுப்போகிற சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் பாட்டிலை வைத்தாள். தம்ளரையும் வைத்தாள்.

"என்னட்டி இது?"

"குடிங்க."

அவன் அவளையே பார்த்தான். இந்தக் கையால் அவள் எத்தனை பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறாள்.

"நாளைக்கு அளக்காவ. உங்க தலைதான் ஊர்லயே சுத்தமாம். உங்களத்தான் கூப்பிடுவாவ. நீங்க போயிருவிய. எனக்கு உங்களத் தெரியும். கொஞ்சமாக் குடிங்க. ரத்தத்துல தெரிஞ்சா போதும், ஒரு வருசத்துக்கு உங்களத் தொடமாட்டாவ."

"மச்சான்?"

"மச்சானுக்கு யாராவது வருவாவ."

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாவ? இந்த ஈரலுக்கு ஒரு சொட்டுகூட..."

"ஒரு மடக்குக்கு ஒண்ணும் ஆவாது. நான் வெந்நி வச்சித் தாரேன். குடிங்க."

அவன் மூடியைத் திருகினான். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். சின்னப் பிள்ளை வேப்பெண்ணெயைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "இந்தக் கருமத்தையா நான் குடிச்சேன்? இதுக்கா உன்ன அடிச்சேன்?"

"மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடிங்க."

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தம்ளரில் ஊற்றியதை வாயில் கவிழ்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமினான். நெஞ்சைத் தடவிக்கொண்டான். அவள் முதுகைத் தடவிவிட்டாள். "போதும். அவ்வளவுதான். முடிஞ்சி போச்சி."

தவசிமுத்து நாக்கால் உதட்டைத் தடவினான். பிறகு தம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான். இந்தத் தடவை மூக்கைப் பிடிக்கவில்லை.

தங்கபுஷ்பம் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினாள். அவன் அதைத் தன் தொடைக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.